தூரிகை விடுத்துச் சலங்கை பூண்டவர்

ஓவியம் பயில்வதற்கென 1920ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் சென்ற இளைஞர் ஒருவர், பத்தாண்டுகள் கழித்து ஆடற்கலைஞராகத் தாயகம் திரும்பினார். இடைப்பட்ட காலத்தில் அவர் எந்த நட்டுவனார் முன்னும் நின்று அடவு பழகியதில்லை. தட்டுக்கழி ஓசைக்குக் கால் வைத்ததில்லை. அவர்தாம் உதயசங்கர். ‘கல்பனா’ திரைப்படத்தின் வழியாகவும் அல்மோராக் கலை மையத்தின் வழியாகவும் அவரை நினைவுகூர்வோர் பலர். அவற்றிற்கெல்லாம் ஊற்றாக அமைந்தது, ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் பாலேக் குழுவிற்காக அவர் இரண்டு இந்திய ஆடல்களை அமைத்துக் கொடுத்த 1923, 1924ஆம் ஆண்டுகளின் குறுகிய காலமே என்பது என் கருத்து. ஆசானிடமிருந்து பெறாமல், கண்ணால் மட்டுமே கண்டு பெற்ற ஒன்று கலையாகுமா என்னும் வினா அக்காலத்தில்தான் அவர்முன் எழுந்தது. மரபறியாமல் கவிதை எழுதலாமா என்று நம் வட்டத்தில் மாதந்தோறும் நாம் பொருதுகொள்ளும் வழக்கும் ஏறத்தாழ இதுவே என்பதால், அவர் வாழ்வை இம்மலருக்கு உரிய பொருளாகக் கொண்டேன்.

உதயசங்கர் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் உதயப்பூரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே பிள்ளையின் பெயராயிற்று. குடும்பம் வங்காளத்து ஜெசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் சியாம் சங்கர் சௌத்ரி வடமொழிப் புலமையும் சட்டப் படிப்பும் ஒருங்கே உடையவர். ஜாலாவார் சமஸ்தானத்தில் பணிபுரிந்தவர். தாயார் ஏமாங்கினி தேவி. தாயாரின் பிறந்தகம் காசிக்கு அண்மையில் காசிப்பூர் மாவட்டத்து நசரத்பூர் என்னும் சிற்றூர். உதயசங்கரின் இளமைக் காலத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிந்தது. அவ்வூரில் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மாதாதீன் என்பார் திருவிழாக்களில் ஆடுவார். உயர்குடிப் பிள்ளையான உதயசங்கர் அவர் ஆடலைப் பார்ப்பதற்கென்றே ஓடிச்செல்வது வழக்கம். அவருக்கு ஆடலில் முதல் ஆசான் ஒருவர் உண்டு என்றால் அவர் மாதாதீன்தான். தாம் ஆசானாக இருப்பதை அம்மனிதர் அறிந்திருக்க மாட்டார் என்பதே வேறுபாடு. ஜாலாவார் அரண்மனைச் சூழலில் அச்சிறுவர் கண்ட திருமண ஊர்வலங்களும், இராசத்தானச் சிற்றோவியங்களும் மற்றொரு சேமிப்பாக மனத்தில் தங்கின.

1918ஆம் ஆண்டு பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்த அவர், ஈராண்டுகளில் தந்தையார் இருந்த இலண்டனுக்குச் சென்று அரசுக் கலைக் கல்லூரியில் ஓவிய மாணவரானார். அக்கல்லூரியின் முதல்வராக அவ்வாண்டுதான் வில்லியம் ரோதன்ஸ்டைன் பொறுப்பேற்றிருந்தார். இவர் இந்தியக் கலைக்கு அயலார் அல்லர். 1910ஆம் ஆண்டு இலண்டனில் இந்தியக் கழகம் தோன்றக் காரணராய் இருந்தவர்களுள் ஒருவர். இந்தியாவிற்கு வந்து அஜந்தாவையும் காசியையும் கண்டவர். தாகூர் தம் கீதாஞ்சலியின் ஆங்கில நூலைக் காணிக்கையாக்கியது இவருக்கே. மேலைநாட்டு முறையில் வரைந்து பாராட்டுப் பெறத் தொடங்கியிருந்த மாணவரை அவர் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு அனுப்பி, இந்தியச் சிற்பங்களையும் ஓவியங்களையும் பார்த்துவரச் செய்தார். தன் நாட்டுக் கலையை ஓர் இளைஞன் அயல்நாட்டு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைகளில் கண்டு உணர வேண்டியிருந்தது என்பது வேதனைக்குரிய செய்தி. அன்றைய இந்தியாவில் கற்றவர் பலருக்கும் இதுவே நிலையாக இருந்தது.

சியாம் சங்கர் இலண்டனில் இந்தியக் கலைநிகழ்ச்சிகளை மேடையேற்றுவதில் ஆர்வம் உடையவர். தந்தைக்குத் துணையாக மேடைப்பணி செய்யப் புகுந்த மகன், அந்நிகழ்ச்சிகளில் சிறுசிறு ஆடல்களும் ஆடினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையிலும் ஒருமுறை ஆட நேர்ந்தது. அதுவரை இவையெல்லாம் ஓவிய மாணவர் ஒருவரின் பொழுதுபோக்கு என்ற அளவிலேயே இருந்தன.

இந்நிலையில்தான் அன்னா பாவ்லோவா அவர் வாழ்வில் குறுக்கிட்டார். 1881இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்து, உலகெங்கும் பாலே என்றாலே தம் பெயர் நினைவுக்கு வருமாறு செய்தவர் பாவ்லோவா. இலண்டனைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு, சொந்தக் குழுவுடன் ஓயாது நாடு சுற்றியவர். 1922ஆம் ஆண்டு தொடங்கிய கீழை நாட்டுப் பயணத்தில் ஜப்பான், சீனம், பர்மா, இந்தியா ஆகிய நாடுகளில் ஆடினார். ஜப்பானில் அவருக்கு அந்நாட்டு ஆடலைக் கற்பிக்க ஆசிரியர் கிடைத்தனர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இந்திய ஆடலைக் காட்டுமாறு அவர் கேட்டபோதோ, படித்த பெருமக்களால் ஒன்றையும் காட்ட இயலவில்லை. 1890களில் சென்னையில் தொடங்கிய நாட்டிய எதிர்ப்பு இயக்கம் முப்பதாண்டுகளில் செய்துமுடித்த வேலை அது. ஆடல் இல்லாமல் போய்விடவில்லை. தஞ்சையிலும் சென்னையிலும் நம் காஞ்சியிலும் ஆடுவார் இருந்தனர், ஆட்டுவித்தாரும் இருந்தனர். வந்த விருந்தினரை அவர்களிடம் அழைத்துச்செல்ல, படித்த குடியினருக்கு நாணமாக இருந்தது என்பதே உண்மை.

இந்தியப் பொருளில் ஆடல்கள் அமைத்தே தீர்வது என்னும் உறுதியுடன் இலண்டன் மீண்ட பாவ்லோவாவுக்கு, இருபத்திரண்டு வயது நிரம்பிய ஓவிய மாணவர் உதயசங்கர் அறிமுகமானார். ‘கீழைநாட்டுப் பதிவுகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் பாவ்லோவா திட்டமிட்ட தொகுப்பில் ஜப்பானிய ஆடல்களோடு இரண்டு இந்திய ஆடல்கள் இடம்பெற்றன. ஒன்று ‘இந்துத் திருமணம்’. மற்றொன்று ‘கண்ணனும் இராதையும்’. இரண்டிற்கும் இசையமைத்தவர் கோமலதா பானர்ஜி என்னும் வங்கப் பெண்மணி. ஆடலமைத்தவர் உதயசங்கர். ரோதன்ஸ்டைன் நல்ல மாணவர் ஒருவரை நடன மேடைக்குப் பறிகொடுத்தார்.

ஆடலே கற்காத ஒருவர், உலகின் தலைசிறந்த நடனமணிக்கு எவ்வாறு ஆடல் அமைத்திருக்க முடியும்? இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாலே ஆடற்கலை மண்ணினின்றும் மேலெழ விழைவது. கால் விரல் நுனியில் உடலை நிறுத்தி, எடையே அற்றதுபோல் தோன்றச் செய்வது அதன் பேரழகு. நம் ஆடலோ அரைமண்டியில் அமர்ந்து, பாதம் முழுவதையும் நிலத்தில் தட்டி, மண்ணோடு உறவாடுவது. இவ்விரண்டையும் ஒருவர் உடம்பில் ஒருங்கே அமைப்பது எளிதன்று. ஆங்கிலேயப் பெண்கள் மிகுந்திருந்த அக்குழுவினருக்கு அரைமண்டியைக் கற்பிக்க உதயசங்கருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சில வாரங்களில் கைகூடுவதன்று. அவரிடம் இருந்தது வேறொன்று. ஒரு சட்டகத்திற்குள் உருவங்களை எங்கே நிறுத்த வேண்டும், கையின் வளைவு கழுத்தின் சாய்வோடு எங்கே சென்று இணைய வேண்டும், ஒரு நிறத்திற்குப் பக்கத்தில் எந்நிறம் நிற்க வேண்டும் என்னும் ஓவியப் பயிற்சி அது. ஜாலாவாரில் கண்ட மணவிழா அவருக்கு முதல் ஆடலாயிற்று. சிற்றோவியத்துக் கண்ணனும் கோபியரும் இரண்டாம் ஆடலாயினர். ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெற்று அசையும் ஓவியங்களாக அவர் அவ்வாடல்களை அமைத்தார் என்று கொள்வதே பொருந்தும். முக்காடிட்ட இராதையாகப் பாவ்லோவாவும், அணிகலன் பூண்ட கண்ணனாக உதயசங்கரும் நிற்கும் நிழற்படங்களைப் பார்ப்போர் இதனை உணர்வர். கால்களைக் காட்டிலும் கைகளே அங்கே பேசுகின்றன.

நெசவூராகிய காஞ்சியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது நம் கோர்வைச் சேலை நினைவிற்கு வருகிறது. சேலையின் உடல் ஒரு நிறத்தில் ஓட, கரை வேறு நிறத்தில் ஓடும். மூன்று நாடாக்கள் மாறிமாறிச் சென்று ஒவ்வோர் இழையிலும் உடலையும் கரையையும் கோத்துவிடும். பிரித்தெடுக்க முயன்றால் சேலையே கிழியும். 1923ஆம் ஆண்டில் உதயசங்கர் நெய்தது கரை மட்டுமே. கண்ணைப் பறிக்கும் கரை என்பதில் ஐயமில்லை. உடலைக் கோக்கும் வேலை பின்னர் நிகழ வேண்டியிருந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் திங்களில் இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் இவ்வாடல்கள் அரங்கேறின. அஜந்தா ஓவியங்களைப் பொருளாகக் கொண்டு, இவான் கிளஸ்டீன் ஆடலமைப்பிலும் செரெப்னின் இசையிலும் உருவான மற்றொரு பாலேயும் அதே காலத்தில் அங்கு மேடையேறியது. அஜந்தாவை ருஷ்யக் கலைஞர்கள் தங்கள் பாலே மொழியில் ஆக்கிக்கொண்டார்கள். கண்ணனையும் இராதையையும் இந்தியர் ஒருவர் தம் நினைவிலிருந்து எடுத்துக்கொடுத்தார். ஒரே குழுவில், ஒரே பருவத்தில் நிகழ்ந்த இவ்விரு முயற்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்க்கு அரிது.

தொடர்ந்து குழுவினருடன் அமெரிக்கா சென்ற உதயசங்கர், ஏறத்தாழ ஒன்பது திங்கள் ஊர் ஊராக ஆடினார். மேடை ஒளியமைப்பு, நிகழ்ச்சிகளை நிரல்படுத்தும் முறை, காலந் தவறாமை, பெருங்குழு ஒன்றை நடத்திச்செல்லும் திறம் ஆகிய அனைத்தையும் அப்பயணத்தில் கற்றார். ஒன்றை மட்டும் பாவ்லோவா கற்பிக்க மறுத்துவிட்டார். பாலே பயில வேண்டும் என்ற அவர் விருப்பத்திற்கு அவ்வம்மையார் இசையவில்லை. அவரவர் நாட்டு ஆடலைத் தேடிச்செல்வதே தக்கது என்று அறிவுறுத்தி அனுப்பினார். சில ஆண்டுகளுக்குப் பின் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாருக்கும் இதனையொத்த அறிவுரையே கிட்டியது. பாவ்லோவா குழுவின் கிளியோ நார்டியிடம் ருக்மிணி தேவி பாலே பயின்றவர் என்பதும், பின் பாவ்லோவாவின் தூண்டுதலால் நம் ஆடலை நாடினார் என்பதும் பலரும் அறிந்தவை. இந்தியாவில் ஆடலைத் தேடி ஏமாந்துபோன ஒருவர், இரண்டு இந்தியரை ஆடலின்பால் திருப்பிவிட்டார். அம்மறுப்பை நான் பெருந்தன்மை என்றே கருதுகிறேன். தம் குழுவிற்குப் பயன்படும் ஓர் ஆடவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள அவர் எண்ணியிருந்தால், பாலே கற்பிப்பதே எளிய வழியாக இருந்திருக்கும்.

உதயசங்கர் குழுவை விட்டு நீங்கியது 1924ஆம் ஆண்டு. அதற்கு அடுத்த ஆண்டு நம் காஞ்சியில் நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடாமல் மேற்செல்ல இயலாது. 1925இல் அம்மனாட்சி அம்மன் கோயிலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அரங்கேற்றம் நடந்தது. வீணை தனம்மாளின் பெயர்த்தியும் ஜயம்மாளின் மகளுமாகிய பாலசரசுவதியே அச்சிறுமி. ஆட்டுவித்தவர் தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளை. குழந்தை நான்கு வயதிலேயே அவரிடம் பயிற்சி தொடங்கிவிட்டது. கைப்பிடித்துக் கொடுக்கப்பட்ட கலை அது. ஆசானின் உடம்பிலிருந்து மாணாக்கியின் உடம்பிற்கு, இடையில் ஏடும் இல்லாமல் படமும் இல்லாமல் இறங்கியது. மேலைநாட்டு அரங்குகளில் ஆயிரமாயிரவர் இந்திய ஆடல் இதுவென்று எண்ணிக் கைதட்டிய காலத்தில், கோயில் ஒன்றில் அவ்வாடல் தன் முழு வடிவில் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதனை உதயசங்கர் அறியார், பாவ்லோவாவும் அறியார்.

குழுவை நீங்கிய பின்னர் வந்தவை வறுமையின் ஆண்டுகள். இலண்டனிலும் பாரிஸ் நகரத்துக் கேளிக்கை விடுதிகளிலும் கிடைத்த வாய்ப்பை ஏற்று ஆடினார். பிரெஞ்சு நாட்டுப் பியானோக் கலைஞர் சிமோன் பார்பியே அவருக்கு ஆடல் துணையாகி, சிம்கி என்னும் பெயரால் புகழ்பெற்றார். சுவிட்சர்லாந்து நாட்டுச் சிற்பி அலிஸ் போனர் 1926இல் ஜூரிச் நகரில் அவர் ஆடலைக் கண்டு, அவரை மாதிரியாகக் கொண்டு உருவங்கள் வடித்தார். பின் அவ்வம்மையாரின் பொருளுதவியும் துணையும் கிட்டவே, 1930இல் இருவரும் இந்தியா வந்து வடக்கும் தெற்குமாகப் பயணம் செய்தனர். கோயிற் சிற்பங்களையும் ஊர்ப்புற ஆடல்களையும் கேரளத்துக் கதகளியையும் கண்டனர். ஆடைகளும் இசைக்கருவிகளும் திரட்டினர். ஓவியரும் சிற்பியும் சேர்ந்து ஆடற்குழு அமைத்த கதை இது. அலிஸ் போனர் பின்னாளில் காசியில் குடியேறி, இந்துச் சிற்பங்களின் உருவமைப்பு நெறி குறித்து நூல் எழுதியவர் என்பது நினைக்கத்தக்கது.

புதிய குழுவின் முதல் நிகழ்ச்சி 1931ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் பாரிஸ் ஷான்செலிசே அரங்கில் நடந்தது. நிகொலாய் ரோரிக் என்னும் ருஷ்ய ஓவியர் காட்சியும் ஆடையும் வரைந்து கொடுத்த ‘வசந்தச் சடங்கு’ பாலே 1913இல் அரங்கேறிப் பெரும் அமளியை விளைவித்த அதே அரங்கு. அந்த ரோரிக் இமயமலைச் சாரலில் குலு பள்ளத்தாக்கில் வாழ்ந்து 1947இல் மறைந்தார். ஓவியரைப் பாலேக் குழுக்கள் நாடிய அக்காலத்தில், காட்சித்திரை வரைந்ததோடு அமையாமல் தாமே திரைக்கு முன்னால் வந்து ஆடியவர் உதயசங்கர் ஒருவரே என்று எண்ணத் தோன்றுகிறது. அவர் குழுவில் பத்து வயதுத் தம்பியும் இருந்தார். பின்னாளில் சித்தார் மேதையான ரவிசங்கர் அவர். இவ்வெற்றியைக் காணப் பாவ்லோவா இல்லை. ஆறு கிழமைகளுக்கு முன், சனவரி 23ஆம் நாள் ஹேக் நகரில் காலமாகியிருந்தார். அவருடைய அமெரிக்கப் பயணங்களை நடத்திய சால் ஹ்யூராக் என்பவரே 1932இன் இறுதியில் உதயசங்கர் குழுவையும் அமெரிக்காவிற்கு அழைத்துச் சென்றார்.

மேலைநாட்டார் போற்றிய அளவிற்கு இங்குள்ள மரபாளர் போற்றவில்லை. சிற்பத்தைப் பார்த்துச் செய்த ஆடல், இலக்கணம் இல்லாதது, கலவை என்றனர். இக்குறையைப் பொய் என்று தள்ளுவதற்கில்லை. நம் கைலாசநாதர் கோயிலில் ஆடும் சிவனுருவங்களைப் பார்க்கிறோம். கால் தூக்கி நிற்கும் நிலை தெரிகிறது. அந்நிலைக்கு முன்னிருந்த அசைவும் பின்வரும் அசைவும் கல்லில் இல்லை. அவற்றைத் தருவது ஆசான் மரபு. மரபு கிட்டாதவன் கற்பனையால்தான் இட்டு நிரப்ப வேண்டும். உதயசங்கர் அவ்வாறு நிரப்பியவற்றுள் வெறும் ஒப்பனையாக நின்றவையும் உண்டு.

ஆனால் அவர் அந்நிலையில் நின்றுவிடவில்லை என்பதுதான் அவரை நாம் மதிக்க வேண்டிய இடம். உலகப் புகழ் வந்த பின்னர் அவர் மாணவராக அமர்ந்தார். கதகளி ஆசான் சங்கரன் நம்பூதிரியிடம் பயின்றார். சென்னையில் பாலசரசுவதியின் ஆடலைக் கண்டு வியந்தார். இங்கிலாந்து டார்டிங்டன் ஹாலைச் சேர்ந்த எல்ம்ஹர்ஸ்ட் இணையரின் உதவியுடன் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் 1938இல் கலை மையம் ஒன்றை நிறுவியபோது, அங்குக் கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரியையும், மணிப்புரிக்கு அமோபி சிங்கையும், இசைக்கு அலாவுதீன் கானையும் அமர்த்தினார். பரதநாட்டியம் கற்பிக்க அழைக்கப்பட்டவர் கந்தப்பப் பிள்ளை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் காஞ்சியில் சிறுமியை ஆட்டுவித்த அதே தட்டுக்கழி அல்மோராவில் ஒலித்தது. கரையோடு உடலைக் கோக்கும் வேலை அங்கேதான் தொடங்கியது எனலாம்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆசான் அகன்றது சென்னையில் பாலசரசுவதிக்குப் பேரிழப்பாயிற்று. உதயசங்கரின் பெருமையைப் பேசுவோர் இதனைக் கூறாமல் விடுவது முறையன்று. அல்மோரா மையமும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. உலகப்போர்க் காலத்துப் பொருள் முட்டுப்பாட்டால் 1944இல் மூடப்பட்டது. குரு தத், சோரா சேகல், சாந்தி பர்தன் ஆகியோர் அங்கு இருந்தவர்கள் என்று மட்டும் சொல்லி அமைகிறேன்.

எஞ்சிய பொருளையெல்லாம் திரட்டிச் சென்னை வந்த உதயசங்கர், ஜெமினி ஸ்டுடியோவில் ‘கல்பனா’வை உருவாக்கினார். தமிழ்த்திரையின் சிறந்த ஒளிப்பதிவாளருள் ஒருவரான கே. ராம்நாத் ஒளிப்பதிவு செய்தார். இளம்பெண்ணாக இருந்த பத்மினி அதில் ஆடினார். கலை மையம் ஒன்றைக் கட்டியெழுப்பக் கனவு காணும் ஆடற்கலைஞனின் கதை. இழந்த அல்மோராவையே அவர் திரையில் மீட்டெடுக்க முயன்றார் என்பது வெளிப்படை. 1948இல் வெளிவந்த அப்படம் பொருளீட்டவில்லை. அதே ஆண்டில் அதே ஸ்டுடியோவிலிருந்து வந்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தைக் கண்டு வியந்த தமிழ் மக்கள், அவ்வளாகத்திலேயே ‘கல்பனா’ படமாகிக் கொண்டிருந்ததை அறிந்திருக்க மாட்டார்கள்.

பின்னைய ஆண்டுகளைச் சுருங்கச் சொல்லலாம். கல்கத்தாவில் மீண்டும் ஒரு மையம் தொடங்கினார். முதுமையிலும் திரையையும் மேடையையும் இணைத்துச் ‘சங்கர்ஸ்கோப்’ என்னும் காட்சியை அமைத்தார். ஓவியக் கண் அப்போதும் அவரை விடவில்லை. 1971இல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார்.

‘கல்பனா’வின் படச்சுருள் செப்பனிடப்பட்டு 2012ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதில் கதைத்தலைவியாக நடித்தவரும் உதயசங்கரை 1942இல் மணந்தவருமான அமலா, தொண்ணூற்றிரண்டு வயதில் அவ்விழாவிற்குச் சென்றிருந்தார். உதயசங்கரை அவர் முதன்முதலில் கண்டதும் அதே பிரெஞ்சு மண்ணில், 1931இல், பாரிஸ் பொருட்காட்சிக்குத் தந்தையுடன் சென்றிருந்த பதினோரு வயதுச் சிறுமியாக.